போதுமான சூடு

திரையில் ஒன்றுமில்லை. கறுப்பு. உருகிக் கிடக்கும்போதும் கறுப்புதான், குளிர்ந்து அடுக்கு கட்டிய பிறகும் கறுப்புதான், இந்தப் பாழாய்ப்போன பொருளுக்கு வேறு முகமே கிடையாது, மைக்ராஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் போலரைசரைக் கொஞ்சம் திருப்பினால்தான் உள்ளே என்ன நடந்திருக்கிறதென்று காட்டும், அதுவரைக்கும் கறுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சகாய டெல்சி உட்கார்ந்திருந்தாள். சூடேற்றும் மேடையின் எண் நூற்று எழுபதுக்குக் கீழே வந்திருந்தது. நூற்று எழுபது! இந்த நான்கு வருடத்தில் அந்த எண்ணை இந்த மேடையில் அவள் பார்த்ததே இல்லை. நூற்று ஐம்பதில் நிறுத்திவிடுவாள். நூற்று நாற்பத்தெட்டிலேயே பொருள் உருகிவிடும், இன்னும் இரண்டு டிகிரி கூட, அவ்வளவுதான், நிறுத்து, குளிர வை, திருப்பிப் பார், இடம்புரி, படம் எடு, மறுபடியும் ஏத்து. அப்படிப் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டு தடவையும் இடம்புரி. இன்றைக்குக் காலையில் யாரையும் கேட்காமல் நூற்று எழுபத்தைந்து வரைக்கும் ஏற்றிவிட்டாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய ஆய்வு நெறியாளர் வைரவநாதன் சார் கருத்தரங்கக் கூடத்தில் இருக்கிறார், பெங்களூரிலிருந்து வந்த லலிதாம்பிகை மேடத்துக்கு டீ கொடுத்துக்கொண்டிருப்பார், கொடுத்து முடித்ததும் இங்கே கூட்டிக்கொண்டு வருவார், "வாங்க மேடம், எங்க பொண்ணு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா" என்று அந்த நீளமான கையை ஆட்டிக்கொண்டு வருவார். எங்க பொண்ணு. அந்த வார்த்தைக்கு இந்த நான்கு வருடம் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள், இப்போது அது சட்டைக்குள் விழுந்த எறும்பு மாதிரி ஊர்கிறது.

வாழைப்பழத்துக்கு இடது வலது கிடையாது. சேர்ந்த புதிதில் சார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், நிஜமாகவே ஒரு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார், கண்ணாடிக்குள்ளும் அதே பழம்தான், திருப்பி வைத்தால் பொருந்திவிடும். இந்த மூலக்கூறும் அப்படி வளைந்ததுதான். இடக்கை வலக்கை என்று எந்த வஞ்சகமும் இல்லாத சாது. ஆனால் கோடிக்கணக்கில் சேர்ந்து அடுக்கு கட்டும்போது சாய்கிறது, சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது, முறுக்கு என்று வந்துவிட்டால் ஏதாவது ஒரு பக்கம்தானே முறுக்க முடியும். ஒரு திட்டு இடம்புரி, பக்கத்துத் திட்டு வலம்புரி. போலரைசரை ஒரு பக்கம் திருப்பினால் இடம்புரித் திட்டு வெளுக்கும், மற்றது இருளும், எதிர்ப்பக்கம் திருப்பினால் அப்படியே மாறும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவாகவே கை பிரித்துக்கொள்கிறது, அதுதான் இதன் அழகு, பாதி இப்படி பாதி அப்படி, உலகம் முழுக்க எல்லோருக்கும் அப்படித்தான் வரும். டெல்சிக்கு மட்டும் மொத்தமும் இடம்புரியாக வந்தது. முதல் தடவை பார்த்தபோது பக்கத்து மேசை சிக்கந்தரைத்தான் கூப்பிட்டாள். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "எல்லாமே பீச்சாங்கைப் பயலுவளா இருக்காய்ங்களே டெல்சி, என்ன போட்டு வளத்த?" என்றான். சிரித்தார்கள். பிறகு சார் பார்த்தார். சார் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார், நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. மறுபடி ஏத்து என்றார். ஏற்றினாள். மறுபடியும் இடம்புரி. "எந்தப் பக்கமும் சேராத பொருள், ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கத்தைத் தேடிப் போகுதும்மா" என்று அவர் சொன்னபோது குரல் கம்மியது. அந்தக் குரலை எப்படிக் கொல்வது.

நூற்று அறுபத்திரண்டு. சங்கு. தூத்துக்குடியில் சித்தப்பா சங்கு குளித்துவிட்டு வந்து சாக்கைக் கவிழ்த்துக் கொட்டுவார், சேறும் உப்புமாக ஒரே நாற்றம், மூக்கைப் பிடித்துக்கொண்டு சின்ன டெல்சி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள், வலம்புரி ஒன்று கிடைத்தால் வீடு கட்டிவிடலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள், சாக்கு முழுக்க இடம்புரிதான், எத்தனை சாக்கு பார்த்தாலும் இடம்புரிதான். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, சங்குக்கு அப்பன் ஆத்தா உண்டு, அது எப்படிச் சுற்றியதோ பிள்ளையும் அப்படிச் சுற்றும். இரண்டு கண்ணாடித் தகட்டை ஒட்டிச் செய்த இந்தச் செல்லுக்குள் இருப்பதற்கு யார் அப்பன், யார் ஆத்தா? இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்டாளா? கேட்கவில்லை. பச்சையாகச் சொன்னால், கேட்கப் பிடிக்கவில்லை. நல்லது நடக்கும்போது எவள் போய் ஏன் நடக்கிறது என்று கேட்பாள். போன வாரம்தான் அந்தக் கேள்வியே வந்தது, அதுவும் இஸ்திரி போடும்போது. இன்றைய கருத்தரங்குக்குக் கட்ட வேண்டிய காட்டன் சேலை, விடுதியில் ஒருத்தியிடம் கடன் வாங்கிய பெட்டி, அது சூடே ஏறாத பெட்டி, தேய்க்கத் தேய்க்கச் சேலை நன்றாகத்தான் நிமிர்ந்தது, மடித்து வைத்துவிட்டு எடுத்தால் பழைய மடிப்பு எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப விழுந்திருந்தது. மறுபடி தேய்த்தாள். மறுபடியும் அதே இடம். கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நூற்று ஐம்பது. இரண்டே டிகிரி. பார்வைக்கு உருகியிருக்கும், ஆனால் கண்ணாடியை ஒட்டினாற்போல் போன தடவையின் முறுக்கு ஒரு இழை, கண்ணுக்குத் தெரியாத ஒரு இழை, போகாமல் அங்கேயே இருந்திருந்தால்? அதுதான் அப்பன். அதுதான் ஆத்தா. முதல் தடவை ஏதோ ஒரு ஓரத்தில் ஒரு விதை தற்செயலாக முந்திக்கொண்டு மொத்த இடத்தையும் பிடித்துக்கொண்டது, பிறகு பதினோரு தடவையும் அதே மடிப்பு. பன்னிரண்டு தடவை பார்த்தோம் பன்னிரண்டு தடவை பார்த்தோம் என்று ஊரெல்லாம் சொன்னது பன்னிரண்டே இல்லை. ஒன்று. வெறும் ஒன்று.

ஏன் கூட ஏற்றவில்லை என்று யாராவது கேட்டால் பதில் இருக்கிறது. ரொம்ப ஏத்தாதே கருகிடும், என்று சொன்னதே சார்தான். பொருள் இருப்பதே கடுகளவு, அதைச் செய்து கொடுத்த வேதியியல்காரர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், இனிமேல் கேட்டாலும் கிடைக்காது, அதனால் எல்லோரும் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி தொட்டார்கள். ஆக சார் தப்பு. இல்லை. மேடையில் எண்ணைத் தட்டியது யார் விரல். சார் கருகிடும் என்றுதான் சொன்னார், நூற்று ஐம்பதில் நிறுத்து என்று சொல்லவில்லை, அந்த நூற்று ஐம்பது இவளாகத் தேர்ந்தெடுத்தது, பயந்துபோய்த் தேர்ந்தெடுத்தது. ஆக இவள் தப்பு. இல்லை, பாதி பாதி. பாதி பாதி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் யாரோ ஒரு புண்ணியவான், எந்த நாட்டு ஆளோ, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தான், ஒவ்வொரு முறையும் உருகுநிலைக்கு மேல் எவ்வளவு தூரம் சூடாக்கினீர்கள் என்று. சார் பதில் எழுதினார், போதுமான அளவு. இவளைக் கேட்கவில்லை. எழுதியதை இவளுக்கு அனுப்பி ஒரு தடவை பார்த்துடும்மா என்றார். பார்த்தாள். போதுமான அளவு. பார்த்துவிட்டு என்ன சொன்னாள்? "நல்லாருக்கு சார்." அப்போது இஸ்திரிப் பெட்டி விஷயம் நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாள்! தெரிந்தே சொன்னாள். நல்லாருக்கு சார். என்ன நல்லாருக்கு? நாளைக்கு அந்தப் பதில் போகப்போகிறது. போனால் கட்டுரை வந்துவிடும், கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க விடுவார்கள், உதவித்தொகை போன மார்கழியோடு நின்றாயிற்று, ஆய்வேட்டைக் கொடுத்தால் டாக்டர் சகாய டெல்சி. கொடுக்காவிட்டால் இருபத்தெட்டு வயதில் விடுதிக் கட்டில். எல்லாம் இந்தக் கறுப்புக்குள் கிடக்கிறது.

மேசை அதிர்ந்தது. போன். அம்மா. மைக்ராஸ்கோப் இருக்கும் மேசையில் போனை வைக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இவள்தான் பாடம் எடுப்பாள். பாய்ந்து எடுத்தாள். "என்னம்மா, வேலையா இருக்கேன்." "ஏட்டி, ஒரு நிமிசம். மாதா கோயில் சாமியாரு கேக்காரு, திருவிழா பூசையில ஒம் பேரச் சொல்லணுமாம், டாக்டர்னு போடவா, இல்ல டாக்டர் பட்டம் வாங்கப் போறவன்னு போடவான்னு." "எதுவும் போட வேண்டாம்மா." "ஏன்? அந்த சாரு வம்பு பண்ணுதாரா?" "அவரு ஒண்ணும் பண்ணல." "அப்ப நீ ஏதும் பண்ணிட்டியா?" அம்மா சும்மாதான் கேட்டாள், அவள் எப்போதும் இப்படித்தான், கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிவாள், சரியாக மண்டையில் விழும். டெல்சி மேடையின் எண்ணைப் பார்த்தாள். "ஏட்டி, இருக்கியா?" "இருக்கேம்மா." "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." சாப்பிடவில்லை. "சரி, நான் டாக்டர்னே போடச் சொல்லிருதேன், எப்படியும் ஆகத்தானே போற" என்று அம்மா வைத்துவிட்டாள். எப்படியும். அம்மாவும் போதுமான அளவு என்றுதான் சொல்கிறாள், அவள் பாஷையில். எல்லோருக்கும் எல்லாம் போதும். நூற்று ஐம்பத்தொன்று. அய்யோ.

சிக்கந்தர் கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான். "என்ன, இன்னிக்கு இவ்ளோ நேரம் ஆறப் போட்டிருக்க? கஞ்சியா?" "மெதுவா எறக்குறேன்." "அம்மணி வர்றதுக்குள்ள ரெடி பண்ணிரு. சார் இன்னிக்குப் புதுச் சட்டை வேற போட்டிருக்காரு, கவனிச்சியா? மடிப்பு கலையாம." மடிப்பு என்றதும் இவள் திடுக்கிட்டாள், அவன் அதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். அவனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அது இன்னும் பயம். யாராவது ஒருத்தருக்குத் தெரிந்திருந்தால் சண்டையாவது போடலாம், இல்லை என்று சாதிக்கலாம், அழலாம், தெரிந்த ஒரே ஆள் நீயே என்றால் யாரிடம் போய்ச் சாதிப்பது. ஒருவேளை இன்றைக்கும் இடம்புரியாகவே வந்துவிட்டால்? இவ்வளவு ஏற்றிய பிறகும், மடிப்பையெல்லாம் எரித்த பிறகும் இடம்புரியே வந்தால் சார் சொன்னதுதான் சரி, இவள் கண்டுபிடித்தது நிஜம், இஸ்திரிப் பெட்டி வெறும் இஸ்திரிப் பெட்டி. அன்னை மேரியே, இடம்புரி வரட்டும். இப்படி வேண்டிக்கொள்ளலாமா? கோயிலில் நின்று மார்க்குக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள், மழைக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் முறுக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டதில்லை. இடம்புரி வரட்டும். நூற்று நாற்பத்தேழு. நூற்று நாற்பத்தாறு. இப்போது கட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கறுப்புக்குள் எங்கேயோ ஒரு புள்ளி முடிவெடுத்துக்கொண்டிருக்கும், இல்லை, முடிவெடுக்காது, அதற்கு மூளையா இருக்கிறது, சும்மா ஒரு பக்கம் சரியும், பக்கத்தில் இருப்பதும் பார்த்துச் சரியும். சத்தமே இல்லாமல். நூற்று நாற்பது. முடிந்திருக்கும். திருப்பிப் பார். போலரைசர் வளையத்தின் மேல் விரலை வைத்தாள். உலோகம் ஜில்லென்று இருந்தது. இன்னும் ஒரு டிகிரி போகட்டும். இன்னும் ஒன்று. இப்படியே அறை வெப்பநிலை வரைக்கும் உட்காரப் போகிறாயா டெல்சி என்று தன்னையே வைதுகொண்டு திருப்பினாள்.

பாதி வெளுத்தது. பாதி இருண்டது. திட்டுத் திட்டாக, கடற்கரையில் அலை பின்வாங்கிய ஈரம் மாதிரி, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, எதுவும் எதற்கும் விட்டுக்கொடுக்காமல். எதிர்ப்பக்கம் திருப்பினாள். வெளுத்தது இருண்டது, இருண்டது வெளுத்தது. சரிபாதி. உலகம் முழுக்க எல்லோருக்கும் வருவது போல. அழகாக இருந்தது, அதுதான் கொடுமை, இவள் இதுவரை எடுத்த எல்லாப் படத்தையும் விட அழகாக இருந்தது. வராந்தாவில் சாரின் குரல் கேட்டது, தூரத்தில், "இந்தப் பக்கம் மேடம், படி பாத்து." மூளை சட்டென்று தெளிந்து ஓடியது, பயப்படும்போது அவளுக்கு எப்போதும் இப்படி ஓடும், தேர்வு அறையில் ஓடுவது மாதிரி. இரண்டாவது செல் இருக்கிறது. ஒரே நாளில் நிரப்பிய இரண்டு செல், இரண்டும் முதல் தடவை இடம்புரி, இரண்டு காசைச் சுண்டினால் இரண்டும் ஒரே பக்கம் விழுவதில் என்ன அதிசயம், ஆனால் அது இன்னும் அந்த மடிப்போடு அப்படியே டப்பாவுக்குள் இருக்கிறது. மேடையைத் திறந்து இதை எடுத்துவிட்டு அதை வைத்தால் போதும். ஏற்றக்கூட வேண்டாம். அப்படியே இடம்புரி காட்டும். அவர்கள் பார்ப்பார்கள், மேடம் தலையாட்டுவார், சார் பத்து வயது குறைவார், பதில் போகும், அம்மா. கை போய் டப்பாவை எடுத்திருந்தது. அவள் அனுப்பவில்லை, கையாகப் போனது. மூடி திறந்திருந்தது. இடுக்கி விரல்களுக்கிடையில் இருந்தது. சிக்கந்தர் ஹெட்போனை இறக்கி, "எதுக்கு அது? அதான் ஒண்ணு வச்சிருக்கியே?" என்றான். வேறொன்றுமில்லை, சாதாரணமாகக் கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தாள், வாய்க்குள் இருந்த பதில் முழுப்பொய், அது நாக்கு வரைக்கும் வந்து புளித்தது, இனிமேல் ஆயுசு முழுக்க யார் எது கேட்டாலும் முதலில் இந்தப் புளிப்பு வரும், அப்புறம்தான் வார்த்தை வரும் என்று தோன்றியது. "சும்மா" என்றாள். மூடியை மூடினாள். மூடிய சத்தமும் கதவு திறந்த சத்தமும் ஒன்றாக விழுந்தன.

"இதான் மேடம், எங்க பொண்ணு" என்றார் சார். லலிதாம்பிகை மேடம் குள்ளமாக, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்டு, கையில் இன்னும் டீக் குவளையோடு வந்தார். "உக்காரட்டுமா?" என்று டெல்சியைத்தான் கேட்டார், சாரை இல்லை. டெல்சி எழுந்து இடம் விட்டாள். "நீங்களே திருப்பிப் பாருங்க மேடம், நான் எதுவும் சொல்லல" என்று சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சொல்லாமல் இருக்க அவர் படுகிற பாடு உதட்டில் தெரிந்தது. மேடம் வளையத்தைத் திருப்பினார். எதிர்ப்பக்கம் திருப்பினார். மறுபடியும். "ரெண்டு கையும் இருக்கே" என்றார் மேடம். "சரிபாதியா இருக்கு." சார் சிரித்துக்கொண்டே குனிந்தார், திரையைப் பார்த்தார், சிரிப்பு அப்படியே முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, கழற்றி வைக்க அவருக்குத் தெரியவில்லை. டெல்சியைத் திரும்பிப் பார்த்தார். "வேற செல்லை வச்சிட்டியாம்மா?" என்றார். மெதுவாக, ரொம்ப மெதுவாக. அது கேள்வி இல்லை. அது கதவு. ஆமா சார் என்றால் போதும், அவரே அவள் கையைப் பிடித்து அந்தக் கதவு வழியாக வெளியே கூட்டிப் போய்விடுவார், அவ்வளவு நல்லவர், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

"இல்ல சார். அதே செல்தான்." குரல் வெளியே வந்ததும் அது தன் குரல் மாதிரியே இல்லை. "நூத்தி எழுபத்தஞ்சு வரைக்கும் ஏத்தினேன்." "எவ்வளவு?" "நூத்தி எழுபத்தஞ்சு சார். இதுவரைக்கும் நூத்தி அம்பதுலயே நிறுத்திட்டேன். எல்லாத் தடவையும். போன தடவையோட முறுக்கு அழியாமலே திரும்ப வந்திருக்கு சார். பன்னெண்டு தடவை இல்ல சார் அது." "யாரைக் கேட்டு ஏத்தின? கருகிப்போயிருந்தா?" என்றார் சார். "கருகல சார்." "எப்பத் தெரியும் ஒனக்கு?" இதை அவர் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும், வராந்தாவில் குரல் கேட்டபோதே தெரியும், இதற்கு மட்டும் பதில் தயார் செய்யவில்லை. "அந்தப் பதிலை எனக்கு அனுப்பினீங்கள்ல சார். அதுக்கு முன்னாடியே." சிக்கந்தர் திரையைப் பார்ப்பதா தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் தன் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் டீக் குவளையை மேசையில் வைக்கப் போய், மைக்ராஸ்கோப் மேசை என்று ஞாபகம் வந்து, கையிலேயே வைத்துக்கொண்டார். "பதில் போயிடுச்சா, வைரவநாதன்?" என்றார். "நாளைக்கு" என்றார் சார். ஆய்வேடு போயிற்று. இந்த வருடம் போயிற்று. அம்மாவுக்குப் போன் போட்டு சாமியாரிடம் எதையும் சொல்லாதே என்று சொல்ல வேண்டும், ஏன் என்பாள், என்ன சொல்வது. அழுகை வரவில்லை. பசித்தது. வெட்கங்கெட்ட பசி.

டப்பா இன்னும் அவள் இடக்கையில் இருந்தது. "ரெண்டாவது செல் இருக்கு சார்" என்றாள். "அதை இன்னும் நூத்தி அம்பதுக்கு மேல ஏத்தல. இப்ப ஏத்திக் காட்டுறேன், நீங்களே பாருங்க. இது கருகினா வேற கிடையாது." சார் அவளைப் பார்க்கவில்லை. பொருத்தமில்லாமல் மடிப்புக் கலையாத அந்தப் புதுச் சட்டையின் கையை மடக்கி மடக்கி முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டார், சிக்கந்தரின் ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், திரை சரியாகத் தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஏத்து" என்றார். டெல்சி மேடையைத் திறந்து இடுக்கியால் செல்லை மாற்றி வைத்தாள், மூடினாள், எண்ணைத் தட்டினாள். விரல் வழுக்கித் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள்.